பலகைக்குப் பின்னால்

1958இல் அச்சன்புதூரில் மணல் சரிந்து, கிணறு வெட்டிய சொரிமுத்து புதைந்துபோனான். உடல் கிடைக்கவில்லை. மறு கோடையில் அவன் மனைவி பேச்சியம்மாள் அதே குழியில் இறங்கினாள்.

“வேண்டாம் மதினி” என்றான் கொழுந்தன் மாசானம்.

“தண்ணியப் பாக்காம ஏற மாட்டேன்லே.”

சுற்றிலும் பலகை அடைத்து, பனங்கட்டைகளை முட்டுக் கொடுத்துத் தோண்டினார்கள். தண்ணீர் வந்தது. சொரிமுத்து மட்டும் தட்டுப்படவில்லை.

பிறகு அடியிலிருந்து ஒவ்வொரு பலகையாகக் கழற்றிக் கல் கட்டினார்கள். முதல் பலகைக்குப் பின்னால், மணலில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. அடைத்தபோது அவை இல்லை.

மாசானம் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினான்.

“உங்கண்ணன்தான் மண்ணைத் தாங்கிட்டு நிக்காவ. நீ கல்லைக் குடு” என்றாள் பேச்சியம்மாள்.

அடுத்த பலகைக்குப் பின்னால் அதே கைகள் ஒரு முழம் மேலே இருந்தன. அவள் கட்டிக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாம் நாள் கடைசிப் பலகையை எடுத்தார்கள். கைத்தடங்கள் கிணற்றுக்கு வெளியே, தரையில், ஈரமாக இருந்தன.