எதிர்காலத் தொட்டிகளுக்கான இடம்

புது விமான நிலையத்தின் எரிபொருள் கிடங்கைத் திட்டமிட வந்த பொறியாளர் மேகலா, உடனடித் தேவைக்கு மூன்று தொட்டிகளும், பின்னால் தேவைப்படும் தொட்டிகளுக்குக் காலி இடமும் வரைந்தாள். அந்தக் காலி இடத்தில் ஒரு தெரு இருந்தது.

"இப்பத்தான் மேடம் மேல தளம் போட்டோம். எங்கள விட்ருங்க," என்று அந்தத் தெருவில் குடியிருந்த அமலோற்பவம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மேகலா தெருவை விட்டுவிட்டு, கிடங்கின் எல்லைக்கோட்டை உள்ளே தள்ளி வரைந்தாள். அவ்வளவு விமானங்கள் வரப்போவதில்லை என்று மேலதிகாரிகளிடம் வாதாடி ஒப்புதலும் வாங்கினாள். தெருவே அவளுக்கு மாலை போட்டது.

விமானங்கள் வந்தன. தொட்டிகள் போதவில்லை. எரிபொருளை இறக்க முறை வரும்வரை டேங்கர் லாரிகள் நாள் முழுக்க அந்தத் தெருவில் நின்றன. சில வருடங்கள் கழித்து விரிவாக்க வேலைக்காக மேகலா வந்தபோது, அமலோற்பவம் வாசலுக்கு ஓடிவந்தாள். திட்டவில்லை.

"புள்ளைக்கு மூச்சு எளைக்குது மேடம். வீட்ட விக்கலாம்னா வாங்க ஆளில்ல. இந்தத் தடவ எங்க தெருவ எடுத்துக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

புதுத் தொட்டிகளுக்கு ஓடுபாதையின் அந்தப் பக்கம் நிலம் முடிவாகியிருந்தது. பழைய கிடங்கும் தொடர்ந்து இயங்கும், லாரிகளும் இங்கேயே நிற்கும். குடியிருப்பைத் தொட வேண்டாம் என்று இம்முறையும் பரிந்துரைத்தது அவள்தான்.

"பேசிப் பாக்குறேன்க்கா," என்றாள் மேகலா.

அமலோற்பவம் அதை நம்பினாள். லாரிகளுக்கு நடுவே வழிகாட்டியபடி அவளைக் கார் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள்.