இருந்த இடத்திலேயே

தூறல் விழுந்ததும் அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

புங்கமரக் கிளையில், வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கிய மண்கலயத்தின் மேல் தார்ப்பாய்த் துண்டைப் போர்த்தினாள். புருஷனுடைய லாரியில் கிடந்த தார்ப்பாய்தான்.

"நனைஞ்சுட்டீங்களா?" என்று கலயத்தைக் கேட்டாள்.

அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்று மரத்தில் கட்டினார்கள். மறுநாளே கரைத்திருக்க வேண்டியது.

பெரியவன் மாதேசு பவானி கூடுதுறை என்றான். சின்னவன் பொன்னரசு ராமேஸ்வரம்தான் என்றான். வாய்ச்சண்டை முற்றிக் கோர்ட்டுக்குப் போய்விட்டது. தீர்ப்பு வரும்வரை கலயம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார் நீதிபதி.

ஊரே தலையில் அடித்துக்கொண்டது. அவளும் அடித்துக்கொண்டாள், யாராவது பார்க்கும்போது.

லாரிக்காரருக்கு வாக்கப்பட்டவள். நாக்பூர், குவஹாத்தி என்று லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பிள்ளைகள் பிறந்தபோதுகூட எங்கோ வடக்கே இருந்தார். வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். எழுந்தால் அடுத்த லோடு.

இப்போது எங்கும் போவதில்லை.

காலையில் அவருக்கொன்று தனக்கொன்று என்று காபி டம்ளர்களோடு மரத்தடியில் உட்காருவாள். இத்தனை காலம் பேசக் கிடைக்காததையெல்லாம் பேசினாள். கோபம் வந்தால் வாங்கு வாங்கென்று வாங்கினாள். மனுஷன் எழுந்து போகவில்லை.

நிம்மதியாக இருந்தாள். சொன்னால் சிரிப்பார்களென்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மழை விட்ட பிறகு மகன்கள் இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள்.

"நாங்க ராசி ஆயிட்டோம்மா. நாளைக்குக் கேஸை வாபஸ் வாங்கிட்டு, வெள்ளிக்கிழமை கூடுதுறையிலயே கரைச்சுரலாம்" என்றான் சின்னவன்.

வயிற்றில் பால் வார்த்தது போலத்தான் இருந்தது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் சோறு போட்டாள். சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடுவதைக் கண் நிறையப் பார்த்தாள்.

ரசம் ஊற்றும்போது கண் வாசல் மரத்துப் பக்கம் போனது. இன்னொரு தடவை அந்த மனுஷனை வழியனுப்பிவைக்க அவளால் ஆகாது.

அவர்கள் போனதும் பக்கத்துத் தெரு வக்கீலுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க தம்பி, பொண்டாட்டி கேஸ் போடலாமுங்களா? ரெண்டு பசங்க மேலயும்."

"தாராளமாப் போடலாமுங்கம்மா. ஆனா ஒண்ணு, முடியறதுக்கு வருசக்கணக்குல இழுக்குமுங்க."

"அப்ப இன்னிக்கே போட்டுருங்க" என்றாள்.