பிலோமியின் தயக்கம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் எல்லோரையும் போலவே பிலோமியின் காதுக்குப் பின்னாலும் ஒரு மின்னணுச் சில்லு பதித்திருந்தார்கள். மனம் இரண்டு பக்கமும் இழுக்கும்போது அது ஒரு பக்கத்தை அறுத்துவிடும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கண்டெய்னர் தொங்கும்போது கை தயங்கக் கூடாது அல்லவா?

ஒரு மாலை நார்வேயிலிருந்து மகள் ஷெரின் அழைத்தாள். "அம்மா, என் வேலையை நிரந்தரமாக்குதாங்க. நான் இங்கயே இருந்துரட்டுமா, இல்ல வந்துரட்டுமா?"

"அங்கயே இரு" என்று பிலோமியின் வாய் உடனே சொன்னது.

"ஒரு நிமிசம்கூட யோசிக்கலியேம்மா" என்றாள் ஷெரின்.

பதிலில் தவறில்லை. மகள் அங்கே நன்றாக இருப்பாள். ஆனால் 'வந்துரு பிள்ள' என்று கதறியிருக்க வேண்டிய இன்னொரு பிலோமி எங்கே போனாள்? சில்லு அறுத்தெறிந்த அந்த இன்னொருத்திக்காக ஏங்கி ஏங்கிப் பிலோமிக்குச் சோறு இறங்கவில்லை.

சில்லை எடுத்துவிடச் சொன்னாள். அந்த முடிவுக்கும் அவள் தயங்கவில்லை. எடுத்தார்கள், கிரேனிலிருந்தும் இறக்கிக் கிடங்கு வேலைக்கு அனுப்பினார்கள்.

அன்றே மகளை அழைத்தாள். "அன்னைக்குக் கேட்டதைத் திரும்பக் கேளு, ஷெரின்."

"என்னம்மா இது? சரி, இருக்கட்டுமா, வரட்டுமா?"

பிலோமி வாயைத் திறந்தாள். 'இரு' என்பதும் 'வா' என்பதும் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றன. மூச்சு மட்டும் போய்ப்போய் வந்தது.

"அம்மா, அழுவுதியா?"

"தெரியல, பிள்ள..."

ஷெரின் நார்வேயிலேயேதான் தங்கினாள். ஆனால் அன்று போனை வைக்க இருவருக்குமே மனம் வரவில்லை.