வாசனை வராத புகை

“இதோட புகை எந்த வழியா வெளியே போகும்?”

குளியலறைக் கதவைப் பிடித்தபடி கேட்டார் அந்த அம்மாள். பார்வை சுவரில் தொங்கிய கேஸ் கீசரை விட்டு நகரவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயது. தோளில் ஒரு துணிப்பை. “பொண்ணு விஷயமா வந்தேன், வீட்டைப் பார்க்கணும்” என்று கீழே சொன்னதுமே, வேறெதுவும் கேட்காமல் வீட்டுக்காரர் சாவியோடு மாடியேறியிருந்தார்.

“புகையா? இதுல ஏதுங்க புகை?” வீட்டுக்காரர் சிரித்தார். “கேஸ் எரியுது, வெந்நீர் வருது. கண்ணுக்கு ஏதாவது தெரியுதா, மூக்குக்கு ஏதாவது வாசனை வருதா?”

“தெரியாது. வாசனையும் வராது. அதனாலதான் கேக்குறேன்.”

கீசருக்கு மேலே, கூரையை ஒட்டி, ஒரு சதுரம் மட்டும் சுவரைவிடக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. பலகை வைத்து அடைத்து, மேலே வெள்ளையடித்திருந்தார்கள்.

“வென்டிலேட்டரை ஏன் அடைச்சிருக்கீங்க?”

“புறாத் தொல்லைம்மா. உள்ள வந்து கூடு கட்டிடுது. குடியிருக்கிறவங்க முகம் சுளிக்கக் கூடாதுன்னு நானே ஆள் வெச்சு அடைச்சேன்.”

“புறா வர்ற வழியிலதானே புகையும் போகணும்?”

வீட்டுக்காரரின் சிரிப்பு சற்றுச் சுருங்கியது. “நானும் விசாரிக்காம மாட்டலம்மா. நெட்ல தேடிப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன். முழுப் பாதுகாப்புன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான்.”

“போட்டது யாரு?”

அவர் யோசித்தார். “கீசர் விக்கிற கம்பெனிதான்.”

“பால்ல தண்ணி இருக்கான்னு பால்காரர்கிட்டயே கேட்டிருக்கீங்க.”

அந்த அம்மாளின் குரல் உயரவில்லை. பையின் வார் மட்டும் விரல்களுக்குள் முறுக்கிக்கொண்டது.

“நான் நூலகத்துல வேலை பாக்குறேன். யார் எதைக் கேட்டாலும் சரியான புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறதுதான் என் பொழப்பு. எனக்கே இதுல ஒரு உண்மையைக் கண்டுபிடிக்க நாக்குத் தள்ளிடுச்சு. வீட்டுக்குள்ள காத்து கெட்டுப்போனா மனுஷனுக்கு என்ன ஆகும்னு தேடினா, ஒருத்தன் செடி வளர்க்கச் சொல்றான், இன்னொருத்தன் மெஷின் வாங்குங்கிறான். தினமும் தலைவலி, குமட்டல்னு சொன்னா ஒரு டாக்டர் ரத்தம் கம்மிங்கிறார், இன்னொருத்தர் கண்ணாடி மாத்தச் சொல்றார். பக்கத்து வீட்டம்மா காத்துக் கருப்புன்னாங்க. கடைசியில பார்த்தா அவங்க சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்துல இருந்துச்சு.”

வீட்டுக்காரர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் விடவில்லை.

“மருத்துவக் கல்லூரியில ஒரு புத்தகத்துலதான் நேரா எழுதியிருந்துச்சு. விஷ முறிவுப் பிரிவு டாக்டரும் அதையேதான் சொன்னார். அடைச்ச ரூம்ல கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல அது போய் உக்காந்துக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் மயக்கம். பெரிய அடி மூளைக்கு. இத்தனையும் தெரிஞ்ச விஷயம். ஆனா கீசர் வாங்குறவங்களுக்கும் வீடு எடுக்குறவங்களுக்கும் சொல்றதுக்கு ஒரு நாதி இல்ல.”

“மேடம், பிடிக்கலன்னா விட்டுடுங்க. எனக்குப் பாடம் எடுக்காதீங்க. இப்ப ஒரு ஜோடி வீடு பாக்க வருது, புதுசா கல்யாணமானவங்க. அவங்க காதுல இதையெல்லாம் போட்டுடாதீங்க.”

“போடத்தான் போறேன்.” காலி அறையின் நடுவில் அந்த அம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். “அவங்க வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

வீட்டுக்காரருக்கு முகம் சிவந்தது.

“இதென்னம்மா வம்பா இருக்கு? வீடு பாக்க வந்தீங்களா, என் பொழப்பைக் கெடுக்க வந்தீங்களா? இதுக்கு முன்னாடி இங்க இருந்த பொண்ணு தினமும் இந்த வெந்நீர்லதான் குளிச்சுது. அதுக்கு என்ன ஆயிடுச்சு? வேலையை விட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுச்சு, அவ்வளவுதான். அங்க ஜம்முனு இருக்கு. போன வாரம்கூட எங்கிட்ட போன்ல பேசுச்சு.”

அந்த அம்மாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“அம்மா வீட்டுக்குத்தான் வந்தா. இந்த பாத்ரூம்லேருந்து ஆஸ்பத்திரிக்கு, அங்கேருந்து என் வீட்டுக்கு. தினமும் காலையில என்னைப் பார்த்து, நீங்க யாருன்னு கேக்குறா.”