தட்டில் ஒரு பள்ளம் காலி

பெட்டி கட்டும் கூடத்தில் மேஸ்திரி கத்திகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார். வேலை முடிய இன்னும் நேரமிருக்கிறது. மஞ்சள் கைப்பிடி போட்ட, டேப் அறுக்கும் சின்னக் கத்திகள்தான். ஆனால் முன்கூட்டியே வாங்கினால் பின்னாலேயே கெட்ட சேதி வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். போன தடவை வாங்கிய கையோடு ஞாயிற்றுக்கிழமை லீவைப் பறித்தார். தகரக் கூரை கொதிக்கிறது. இருக்கிற ஒரே ஃபேன் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சுற்றுகிறது. கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாதாம். அந்த ஃபேனை யார் பக்கம் திருப்புவது என்றுதான் மாமன் மச்சானாகப் பழகிய இரண்டு பேர் நேற்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று ஆளுக்கொரு மூலையில் நின்று, டேப்பை வேண்டுமென்றே சத்தமாக இழுக்கிறார்கள்.

“எதுக்குண்ணே இப்பவே?” என்கிறாள் லேபிள் ஒட்டுகிறவள்.

“குடும்மா, சொல்றேன்.”

“கத்திய வாங்கிட்டாத்தான் வாய் வருமோ?”

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரியின் தட்டில் ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பள்ளம். எல்லோரும் கொடுத்தாயிற்று, ஒரு பள்ளம் மட்டும் காலியாக இருக்கிறது. மாமன், மச்சானின் கையைப் பார்க்கிறான். மச்சான் மாமனின் இடுப்பைப் பார்க்கிறான். லேபிள்காரி இருவரிடமிருந்தும் மெல்ல விலகி நிற்கிறாள். மேஸ்திரி மட்டும் அந்தப் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொள்கிறார். அவருடைய சட்டைப்பைக்கு வெளியே மஞ்சள் கைப்பிடி ஒன்று எட்டிப் பார்க்கிறது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, “இன்னைக்கு ராத்திரியும் வேலை இருக்கு” என்கிறார்.