திறக்காத அறிக்கை

சாப்பாட்டறைக் கதவைத் திறந்த உதயகுமாரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் பிலேந்திரன் நின்றான். அவளுடைய புருசன் சந்திரகுமாரின் உயிர்க் கூட்டாளி. அவள் கல்யாணப் பெண்ணாக ஒஸ்லோவில் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்திலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தவனே இவன்தான்.

சந்திரகுமார் அவளுடைய இடது கையை முறித்ததோடு அந்தக் கல்யாணம் முடிந்தது. இப்போது அவள் இருப்பது இரகசிய விலாசத்தில். வேலையிடம் சந்திரகுமாருக்குத் தெரியும். கிட்ட வரக்கூடாதென்று பொலிஸ் தடை போட்டிருந்தது. வீடு மட்டும் தெரியாது. தெரிந்தால் அவளை என்ன செய்வானென்று தமிழர் கூடும் ரொம்சோஸ் பக்கம் நாலு பேருக்கு முன்னால் சொல்லித் திரிந்தான்.

பார்த்தும் பாராததுபோல் திரும்பி வந்து தன் கதிரையில் இருந்தாள்.

“புது ஆளைக் கண்டீங்களோ அக்கா?” என்றாள் பக்கத்து மேசை மயூரா. “எங்கடை ஆள்தான். புது ரிப்போர்ட் சிஸ்டம் செய்ய போன கிழமை வந்தவர். இனி ஆருடைய சம்பளம், ஆருடைய லீவு, ஆருடைய அட்ரஸ், எல்லாம் ஒரு கிளிக்கிலை வருமாம். மனேஜர் மனுசிக்கு ஒரே புளுகம், சிரிச்சபடி திரியிறா.”

“அட்ரஸுமோ?”

“பின்னை?”

“அவரும் பாப்பாரோ?”

“செய்யிறதே அவர்தானே, பாக்காமலோ?”

மத்தியானம் லிஃப்டில் அவனைச் சந்திக்கப் பயந்து படியால் இறங்கினாள். கீழ்ப்படியில் அவன் குரல்.

“ஓம் மச்சான் சந்திரன்... ஓம், அவ வேலை செய்யிற அதே கந்தோர்தான்... விலாசமோ? பொறு, பாப்பம்.”

உதயகுமாரி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இனி எங்கே போவது? இன்னொரு வீடு, இன்னொரு ஊர், இன்னொரு பூட்டு.

மேசைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் அவனே வந்து நின்றான்.

“தங்கச்சி, ரெண்டு நிமிசம் கதைக்கலாமோ?”

“எனக்கு வேலை கிடக்கு.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

“ஏனக்கா மனுசனைப் பிடிச்சுக் கடிக்கிறீங்கள்?” என்று சிரித்தாள் மயூரா.

உதயகுமாரி எழுந்து நேரே மேலாளர் இங்கெபோர்க்கின் அறைக்குப் போனாள். நொர்வேஜிய மொழி அன்றைக்கு நாக்கில் தடக்கியது.

“அவர் என் புருசனின் கூட்டாளி. என் விலாசம் அவர் கையில் இருக்குமென்றால் நான் இன்றைக்கே வேலையை விடுகிறேன்.”

இங்கெபோர்க் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். அறிக்கைகளின் பெயர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசிக் கிடந்தன.

“பச்சை எல்லாரும் பார்க்கலாம். மஞ்சள் பிரிவுத் தலைவர்கள் மட்டும். விலாசங்களைப் பச்சையில்தான் போடச் சொன்னேன், கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்ப வசதியாக இருக்குமென்று.” சங்கடத்தோடு தொண்டையைச் செருமினாள். “முதல் நாளே என்னோடு சண்டை பிடித்து அதைச் சிவப்பாக்கியது அவர்தான்.”

“சிவப்பை ஆர் திறக்கலாம்?”

“நான் மட்டும்.”

“செய்கிற அவர்?”

“பொய்ப் பெயர், பொய் விலாசம் போட்டுத்தான் செய்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தானும் சிவப்பைத் திறக்க முடியாதபடி தன் பெயரையே பூட்டி வைக்கச் சொன்னார். ‘இங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், ஆரென்று கேட்கவேண்டாம்’ என்றார். நானும் கேட்கவில்லை.”

உதயகுமாரி வெளியே வந்தபோது பிலேந்திரன் லிஃப்டுக்குக் காத்து நின்றான். இம்முறை அவளே கிட்டப் போனாள்.

“அண்ணை, விலாசத்தைப் பூட்டினது நீங்கள்தானாமே...”

“இதைத்தான் தங்கச்சி அப்ப சொல்ல வந்தனான். சந்திரன் என்னை விடான், விலாசம் எடுத்துத் தா எண்டு ஒரே கரைச்சல். இப்பவும் போன் எடுத்தவன். ‘பாத்தனான் மச்சான், எனக்குத் திறக்குதில்லை’ எண்டு சொல்லிப்போட்டன். நீர் பயப்பிடாதையும்.”

அவளுக்குக் கண் நிறைந்தது.

“உங்களைப் பிழையா நினைச்சிட்டன் அண்ணை. உங்களிட்டை மறைக்க என்ன கிடக்கு? நான் இப்ப இருக்கிறது...”

பிலேந்திரன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

“ஐயோ, சொல்லிப்போடாதையும் தங்கச்சி! சந்திரனிட்டை எனக்குப் பொய் சொல்ல வராது.”