இன்னும் கொஞ்சம் புகை

மேலே போய்க்கொண்டிருந்த புகை, ஏதோ கூரையில் முட்டிக்கொண்டதுபோல் நின்று பக்கவாட்டில் பாய் விரித்தது.

தேஜஸ்வினி மொட்டைமாடியில் குதித்தாள். முப்பது வயதுப் பெண் குதிக்கிற குதியா அது!

அங்கே கூரை ஒன்றும் இல்லை, வெறும் ஆகாயம்தான். தை மாதக் குளிரில் தரையோரக் காற்று சில்லிட்டுக் கிடக்கும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடும். சாகண் சாலையில் லாரிகள் இரவெல்லாம் கக்கிய புகை அந்த மூடிக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். விடிந்ததும் ஊர் அதைத்தான் மூச்சாக இழுக்கும்.

இதை வாயால் சொன்னால் யார் நம்புகிறார்கள்? மூடிக்குக் கீழும் மேலும் ட்ரோனை அனுப்பி அளந்து காட்டினால்தான் அவள் ஆராய்ச்சி தேறும். நடையாய் நடந்து வாங்கிய அனுமதியோ இந்த ஒரு காலைக்குத்தான். வெயில் ஏறினால் மூடி கலைந்துவிடும். அப்புறம் அடுத்த குளிர்காலம்தான்.

ட்ரோன் ரீங்கரித்துக் கிளம்பியது. மடிக்கணினியோடு நின்ற தோழி நஸ்ரின் உதட்டைப் பிதுக்கினாள். கீழிருந்து வந்த புகை மெலிந்துவிட்டது. மூடி எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் ட்ரோனை எங்கே நிறுத்தி அளப்பது?

"இன்னும் கொஞ்சம் புகை வேணும்னு சைகை காட்டுடி, ஜல்தி!"

நஸ்ரின் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து துப்பட்டாவைச் சுழற்றினாள். அவ்வளவுதான், குபுகுபுவென்று கிளம்பியது புகை. கீழே யாரோ இருமினார்கள், யாரோ திட்டினார்கள். அதையெல்லாம் காதில் வாங்க தேஜஸ்வினிக்கு ஏது நேரம்?

புகையைக் கிழித்துக்கொண்டு ட்ரோன் மேலே போனது. திரையில் எண்கள் துள்ளின. மூடிக்கு அடியில் அத்தனை கசடு. மேலே காற்று சுத்தமாக, கதகதப்பாக இருந்தது.

ட்ரோனைப் பத்திரமாக இறக்கியதுதான் தாமதம், இருவரும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றினார்கள். தேஜஸ்வினிக்குத் தலை கிறுகிறுத்தது. இவ்வளவு சந்தோஷம் உடம்புக்கு ஆகுமா என்றுகூடத் தோன்றியது.

மூச்சிரைக்கப் படியேறி வந்து நின்றாள் அவள் அம்மா.

"கீழ வாடி! நீ கேட்டேன்னு அந்தப் பிள்ளை ஹோமத்துல வரட்டியாப் போட்டுத் தள்றான். மாலை மாத்தறச்சே உன் மூஞ்சியே அவனுக்குத் தெரியப் போறதில்லை!"

தேஜஸ்வினி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எட்டிப்பார்த்தாள். கல்யாண மண்டபத்து முற்றத்தில், கண்ணும் மூக்கும் ஒழுக மணையில் உட்கார்ந்திருந்தான் சந்திரமௌலி. அண்ணாந்து பார்த்து, எவ்வளவு என்று கையாலேயே கேட்டான்.

மேலுக்கும் கீழுக்கும் மூன்று டிகிரி வித்தியாசம். அவள் சிரித்துக்கொண்டே மூன்று விரலைக் காட்டினாள்.

அதைப் பார்த்த சாஸ்திரிகள், வரட்டிக் கூடையை அவசர அவசரமாகத் தன் முதுகுக்குப் பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டார்.